பரணில் இருந்த அறுபது பேர்

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்ததால் பரணைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பித்தளை அண்டா, ஓடாத ரேடியோ, பிள்ளைகளின் பழைய ரிப்போர்ட் கார்டுகள் எல்லாம் இறங்கிய பிறகு, கடைசியாக ஒரு தகர டிரங்குப் பெட்டி இறங்கியது. "இதையாவது பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுரலாமா?" என்றாள் என் மனைவி. நான் பதில் சொல்வதற்குள் லீவுக்கு வந்திருந்த பேரன் அதைத் திறந்துவிட்டான்.

உள்ளே சுண்டுவிரல் உயரத்தில் அறுபது மரப் பொம்மைகள். பாதி சிவப்பு, பாதி நீலம். கூடவே தையற்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று, லூடோ பகடைகள் நான்கு, அட்டை கிழிந்த நீள நோட்டு ஒன்று. பேரன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தாத்தா, நீங்க வார்கேம் ஆடுவீங்களா?" என்று கேட்டான். அவன் கம்ப்யூட்டரில் ஆடுகிறவன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். தந்தி ஆபீசில் என்னோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால், சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் நான் எங்கே ஓடினேன் என்ற ஐம்பது வருடச் சந்தேகம் இப்போது தீரும்.

1973-ல் ஒரு பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தேன். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் என்பவர் 1962-ல் எழுதிய 'வார் கேம்ஸ்'. மேஜையின் மேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போர் நடத்துவது எப்படி என்று சொல்லும் புத்தகம். வளர்ந்த மனிதர் ஒருவர் இதற்கு ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறாரே என்று சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். ரயில் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு முறை படித்துவிட்டேன்.

போரை ஆட்டமாக்குவது நமக்குப் புதிதில்லை. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையை 64 கட்டத்தில் நிறுத்திய சதுரங்கம் இங்கிருந்துதான் பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. ஆனால் சதுரங்கத்தில் மேடு பள்ளம் இல்லை, குறி தப்புவது இல்லை, எதிரி எங்கே இருக்கிறான் என்ற சந்தேகமும் இல்லை. 1780-ல் பிரன்ஸ்விக் நகரத்தில் ஹெல்விக் என்ற ஆசிரியர் சதுரங்கப் பலகையையே பெரிதாக்கி ஆறு, காடு, மலையெல்லாம் சேர்த்துப் பார்த்தார். அதற்கு அடுத்த படியைப் பிரஷ்ய நாட்டில் ஒரு தகப்பனும் மகனும் ஏறினார்கள்.

தகப்பன் ரைஸ்விட்ஸ் 1812-ல் பிரஷ்ய மன்னருக்கு ஒரு மேஜை செய்து கொடுத்தார். இழுப்பறைகள் வைத்த பெரிய மர மேஜை. ஜிப்சத்தில் செய்த நிலத் துண்டுகளை இஷ்டம்போல அடுக்கி எந்த ஊரையும் அதன் மேல் உண்டாக்கலாம். மகன் பீரங்கிப் படை அதிகாரி. அவர் மேஜையை விட்டுவிட்டு 1:8000 அளவுள்ள வரைபடத்துக்கு வந்தார். 1824-ல் விதிகளை அச்சிட்டார். ஒரு சுற்று என்பது போர்க்களத்தில் இரண்டு நிமிடம். இரண்டு தரப்பாரும் ஒருவர் படையை ஒருவர் பார்க்க முடியாது. நடுவர்தான், யாருக்கு எது தெரிந்திருக்குமோ அதை மட்டும் காட்டுவார். சுட்டால் என்ன ஆகும் என்பதைப் பகடை சொல்லும். படைத் தலைமை அதிகாரி முஃப்லிங் அரைமனதோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்து, முடிவில் இது ஆட்டமே இல்லை, போருக்கான பயிற்சி என்று வியந்ததாகச் சொல்வார்கள். படைப்பிரிவுகளுக்கெல்லாம் இதைச் சிபாரிசு செய்தார். மகன் ரைஸ்விட்ஸுக்குக் கிடைத்த பலன்தான் பரிதாபம். தோர்காவ் என்ற ஊருக்கு மாற்றல் வந்தது. 1827-ல் தற்கொலை செய்துகொண்டார். சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1870-71-ல் பிரான்சைப் பிரஷ்யா தோற்கடித்த பிறகுதான் மற்ற நாட்டு ராணுவங்கள் விழுந்தடித்துக்கொண்டு அந்த விதிகளைத் தேடின.

ராணுவத்திலிருந்து இது வீட்டுக்கு வந்த வழி வேறு. 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன் காச நோய்க்காகச் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் ஊரில் தங்கியிருந்தபோது, மனைவியின் மகன் லாய்டோடு மச்சு அறைத் தரையில் சாக்பீஸால் வரைபடம் போட்டுத் தகரச் சிப்பாய்களை வைத்துப் போர் நடத்தினார். பனி கொட்டும் ஊரில், இருமிக்கொண்டே ஒரு மனிதர் தரையில் கவிழ்ந்து படுத்துக் குறி பார்ப்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், சங்கடமாகவும் இருக்கும்.

1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் கம்பெனி ஈயச் சிப்பாயை உள்ளே கூடாக வார்க்கக் கற்றுக்கொண்டது. உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் இறுகியதும் மீதியைக் கவிழ்த்து எடுத்துவிடுவது. ஈயம் மிச்சம், விலையும் குறைவு. ஜெர்மன் பொம்மைகள் விற்ற இடத்தில் இவை விற்றன. இந்தச் சிப்பாய்களையும், மரக் குண்டு எறியும் பிரிட்டன் கம்பெனிச் சின்னப் பீரங்கியையும் வைத்து 1913-ல் ஒருவர் புத்தகம் எழுதினார். அவர் ஹெச். ஜி. வெல்ஸ். நேர இயந்திரம், செவ்வாய்க் கிரகத்தார் படையெடுப்பு என்று எழுதிய அதே வெல்ஸ். புத்தகத்தின் பெயர் 'லிட்டில் வார்ஸ்'.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் (நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் என்று பொதுவாகச் சொல்வார்கள்) சும்மா இருக்கமாட்டாமல் பொம்மைப் பீரங்கியால் ஒரு சிப்பாயைச் சுட்டு வீழ்த்திவிட்டு, உன்னால் முடியுமா என்று கேட்டதில் ஆட்டம் பிறந்ததாம். காலாளுக்கு ஓர் அடி, குதிரைக்கு இரண்டு அடி. பீரங்கியை இயக்க ஆறு அங்குலத்துக்குள் நான்கு பேர் நிற்க வேண்டும். சுடுவதற்குப் பகடை கிடையாது, நிஜமாகவே குறி பார்த்துச் சுட வேண்டும். எழுத்தில் அத்தனை குதூகலம். ஆனால் கடைசி அத்தியாயத்துக்கு வந்தால் மனிதர் தொனியை மாற்றிவிடுகிறார். பெரிய போர் எவ்வளவு குளறுபடியான, நம் தலைக்கு மீறிய காரியம் என்பது இந்தச் சின்னப் போரை நாலு தடவை ஆடினால் எந்தத் தளபதிக்கும் விளங்கிவிடும் என்கிறார். விளங்கவில்லை. அடுத்த வருடம் ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்தது. வெல்ஸே அதை, போர்களுக்கெல்லாம் முடிவு கட்டும் போர் என்று ஆதரித்து எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மேஜை மேல் தெரிந்த உண்மை மேஜையை விட்டு எழுந்ததும் மறந்துபோவது எல்லாருக்கும் நடப்பதுதான்.

ஃபெதர்ஸ்டோன் அப்படி எழுதிய சாமியார் இல்லை. இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். போர் முடிந்து சவுதாம்ப்டனில் பிசியோதெரபிஸ்டாக, அந்த ஊர்க் கால்பந்துக் குழுவினரின் முழங்காலையும் கணுக்காலையும் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுதிய காலத்தில் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் சின்னப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் வந்துவிட்டதால், பணக்கார வீட்டு விளையாட்டு சாமானியர் கைக்கும் வந்தது.

எங்கள் கைக்கு ஏர்ஃபிக்ஸும் வரவில்லை, ஈயமும் வரவில்லை. புத்தகத்தைக் காட்டியதும் பிடித்துக்கொண்டவர் என் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார். "பொம்மைக்கா பஞ்சம் வே? அம்பாசமுத்திரத்துல சொப்பு கடையுதவன் ஒருத்தன் எனக்குத் தெரிஞ்சவன்" என்றார். அப்படி வந்தவைதான் இந்த அறுபது கடைசல் பொம்மைகள். தலை, உடம்பு, பீடம், அவ்வளவுதான். இரண்டு வண்ண அரக்கு. மேஜை மேல் பழுப்புப் போர்வை, அடியில் செங்கல் வைத்தால் மேடு, தீப்பெட்டி வீடு, நீலக் கரைத் துணி தாமிரபரணி.

இங்கே ஒரு சிக்கல். புத்தகத்தில் ஒரு பொம்மை என்பது இருபது முப்பது பேருக்குச் சமம். ஒரு பட்டாளம் காட்ட வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கில் பொம்மை வேண்டும். எங்களிடம் இருந்ததோ அறுபது. வாத்தியார் ஒரு சாயங்காலம் முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு பொம்மைக்கு ஒரே ஆளுன்னு வச்சுக்கிடுவோம். பெரிய சண்டை வேண்டாம், சில்லறைச் சண்டை போதும்" என்றார். பஞ்சத்தில் பிறந்த யோசனை அது. பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, 1970-லேயே இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் மைக் பிளேக், ஸ்டீவ் கர்ட்டிஸ், இயன் கோல்வில் என்ற மூவர் இதே முடிவுக்கு வந்து விதிப் புத்தகமே போட்டிருந்தார்கள் என்று. அவர்கள் ஆடியது கௌபாய் துப்பாக்கிச் சண்டை. ஒரு பொம்மை ஒரு மனிதன். அவனுக்குப் பெயர் உண்டு, அவன் குறி எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண் உண்டு. ஃபெதர்ஸ்டோனும் 1975-ல் 'ஸ்கிர்மிஷ் வார்கேமிங்' என்று தனிப் புத்தகமே எழுதினார். ஸ்கிர்மிஷ் என்றால் வாத்தியார் சொன்ன அதே சில்லறைச் சண்டைதான்.

நாங்கள் எடுத்துக்கொண்டது நம்மூர்க் கதை. 1801 பிப்ரவரி 2-ம் தேதி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியது. வெள்ளைக்கார அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்த நேரம் பார்த்துச் சிறைக்காவலை மடக்கி, ராவோடு ராவாகப் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஓடி, இடித்துத் தள்ளிய கோட்டையைச் சில நாட்களிலேயே திரும்ப எழுப்பிவிட்டார்கள். அப்போது இந்தப் பக்கம் பணியில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி இதை எழுதி வைத்திருக்கிறார், கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாற்றிலும் உண்டு. வாரம் இரண்டு நாள் ஊமைத்துரை எங்கள் சாப்பாட்டு மேஜையில் தப்பினார், அல்லது பிடிபட்டார். நான் எப்போதும் ஊமைத்துரை கட்சி. வாத்தியார்தான் பாவம், காவல்.

1974 பொங்கலுக்கு என் அண்ணன் லீவில் வந்தார். ராணுவத்தில் ஹவில்தார். 1971 டிசம்பரில் ஷகர்கர் பக்கம் இருந்தவர். அந்த டிசம்பரில் நான் எங்கே இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தந்தி ஆபீசில், ராச்சிப்பம். ராணுவத்திலிருந்து வரும் தந்திகளை என் கையால் எடுத்தெழுதியிருக்கிறேன். கட்டு கட கட்டு கட என்று சத்தம் வரும்போது காது எழுத்தாகக் கேட்கும், கை எழுதிக்கொண்டு போகும், மூன்றாவது வரிக்கு வந்த பிறகுதான் மனசுக்குப் புரியும். அதை மடித்து உறையில் போட்டு ஒட்டி, டெலிவரி பையனிடம் கொடுப்போம். நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமம், சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். ஒவ்வொரு நாளும், இன்றைக்கு வருவது எங்கள் வீட்டு விலாசமாக இருக்குமோ என்ற பயத்தோடுதான் உட்கார்வேன்.

அண்ணன் ஒரு மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் ஆட்டத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. என் முறை. பகடையில் ஆறு விழுந்தது. வலது வாசல் காவற்காரன் காலி. நான் பொம்மையைச் சாய்த்துவிட்டு அடுத்த பகடையை எடுத்தேன். அண்ணன் எழுந்து வந்து, சாய்ந்து கிடந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இவன் எந்த ஊர்க்காரன்?"

வாத்தியார் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, அது வெறும் கட்டை" என்றார்.

"ஊமைத்துரையைக் காவல் காத்தது வெள்ளைக்காரனா, நம்மாளா?"

"சிப்பாய்கள்தான். நம்மாளுகதான்."

"அப்ப இவன் வீட்டுக்கு யாரு தந்தி கொடுப்பா?" என்று என்னைப் பார்த்தார்.

கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுப் பொம்மையை அது கிடந்த இடத்திலேயே கிடந்தபடியே வைத்துவிட்டு, காப்பி குடிக்க உள்ளே போய்விட்டார். நானும் வாத்தியாரும் ஆட்டத்தை முடிக்கவில்லை. இனிமேல் ஆட மாட்டோம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் அண்ணனே மேஜைக்கு வந்தார். "உங்க சண்டையில தப்பு நிறைய இருக்கு" என்று ஆரம்பித்தார். ராத்திரியில் இருபது அடி தள்ளி நிற்பவன் யார் என்று யாருக்கும் தெரியாது, தன் ஆளையே சுடுவான். ஓடிக்கொண்டே சுட்டால் ஒன்றும் படாது. பக்கத்தில் ஒருவன் விழுந்தால் மற்றவன் குனிந்துவிடுவான், அவனை எழுப்ப அவன் நாயக் போய்ச் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். விழுந்தவனில் பாதிப் பேர் சாக மாட்டான், கத்துவான், அவனைத் தூக்க இரண்டு பேர் போவான், அந்த இரண்டு பேரும் சண்டைக்கு ஆக மாட்டான். "உங்க சண்டையில ஒருத்தனும் கத்தவே இல்லையே" என்றார். வாத்தியார் ஒவ்வொன்றையும் எண்ணாக்கி எழுதிக்கொண்டார். ஒருவன் விழுந்தால் நான்கு அங்குலத்துக்குள் இருப்பவர்கள் பகடை போட வேண்டும், 4-க்குக் கீழே என்றால் குனிந்துவிட்டான். இதையே பிற்பாடு வெளிநாட்டு விதிப் புத்தகங்களில் பார்த்தபோது, அட, நம்ம அண்ணன் விதி என்று தோன்றியது. நிஜத்தைப் பார்த்த எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அன்று சேர்ந்த இன்னொரு விதி எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காதது. பொம்மைகள் அறுபதுக்கும் பீடத்தின் அடியில் எண் எழுதினோம். ஒவ்வொரு ஆட்டம் தொடங்கும்போதும் ஒவ்வொன்றுக்கும் பெயரும் ஊரும் வைப்பது. விழுந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, சாய்த்தவனே தன் கையால் நோட்டில் எழுதுவது. பெயர், ஊர், எங்கே, எப்படி. கிறுக்குத்தனமாகத் தெரியலாம். ஆனால் ஆட்டமே மாறிவிட்டது. முன்பெல்லாம் கூசாமல் பத்துப் பேரை வாசலுக்கு அனுப்பி நான்கு பேரை இழக்கிற நான், ஒரு ஆளை அனுப்ப ஐந்து நிமிடம் யோசித்தேன். வாத்தியார் காவற்காரர்களைச் சரணடையச் செய்ய வழி தேடினார். ஒரு ஆட்டத்தில் ஒரு பகடைகூட உருட்டாமல் ஊமைத்துரை வெளியே வந்தார். அன்றைக்கு இரண்டு பேருக்கும் அத்தனை சந்தோஷம். நிஜமாகவே அன்று இரவு வாசலில் நின்றவர்களின் பெயர் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. மெக்காலே பெயர் இருக்கிறது.

உலகத்தின் மறுபக்கத்திலும் இந்த 'ஒரு பொம்மை ஒரு ஆள்' யோசனை வேலை செய்திருக்கிறது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971-ல் இடைக்காலப் போருக்கான 'செயின்மெயில்' விதிகளை எழுதியபோது ஆளுக்கு ஆள் சண்டையும் சேர்த்தார்கள். பொம்மைக்குப் பெயரும் குணமும் வந்ததும், அவனைச் சண்டைக்கு மட்டும் ஏன் அனுப்ப வேண்டும் என்ற கேள்வியும் வந்தது. டேவ் ஆர்னசன் என்பவரோடு சேர்ந்து கைகாக்ஸ் 1974-ல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அப்படிப் பிறந்ததுதான். இன்றைக்கு என் பேரன் கம்ப்யூட்டரில் ஆடும் பாதி ஆட்டங்களுக்கு அது பாட்டன். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்தைச் சுற்றிப் பொம்மை வார்க்கும் கம்பெனிகள் அத்தனை இருப்பதால் அந்தப் பகுதிக்கே ஈய வட்டாரம் என்று பட்டப்பெயர். பிசாசு, எலி மனிதன், விண்வெளி வீரன் என்று என்னென்னவோ செய்கிறார்கள். விலையைக் கேட்டால் நம் பென்ஷன் தாங்காது.

எங்கள் ஆட்டம் 1981 வரை ஓடியது. எனக்கு மாற்றல் வந்தது, வாத்தியாருக்குப் பெண் கல்யாணம் வந்தது. இப்போது வாத்தியாரும் இல்லை, அண்ணனும் இல்லை. 2013 ஜூலையில் தந்தியும் போய்விட்டது. அதே வருடம் செப்டம்பரில் ஃபெதர்ஸ்டோனும், 95 வயதில்.

பேரனுக்கு விதிகளைச் சொல்லிக் கொடுத்தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தான். கடைசிப் பதிவு 347, வாத்தியாரின் சாய்ந்த கையெழுத்து. சாப்பாட்டு மேஜையில் போர்வை விரித்து ஆடினோம். அவன் ஊமைத்துரை கட்சி, நான் காவல். இரண்டாவது சுற்றிலேயே என் ஆள் ஒருவன் விழுந்தான். பகடை போட்டுப் பார்த்ததில் காயம்தான், சாவில்லை.

"காயம் பட்டா எழுத வேண்டாம்ல தாத்தா?"

"எழுதணும்."

முகத்தைச் சுளித்துக்கொண்டு பேனாவை எடுத்தான். தமிழில் எழுதுவது அவனுக்குக் கொஞ்சம் சிரமம், எழுத்துக் கூட்டித்தான் எழுதினான். 348. இசக்கிமுத்து, சீவலப்பேரி, வலது வாசல், தோளில் காயம். எழுதி முடித்துவிட்டு, "இவனைத் தூக்கிட்டுப் போக ரெண்டு பேர் வரணும்ல?" என்று கேட்டான். என் இரண்டு ஆட்களை அவனே நகர்த்தி வைத்தான். இவள் அடுப்படியிலிருந்து, சாப்பாட்டுக்கு மேஜை எப்போது காலியாகும் என்று குரல் கொடுத்தாள்.